‘இன்னார் மனைவி’ என்ற எழுத்துக்குப் பின்னால்: ஊர் மறந்த ஒரு பெண்ணின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

1913ஆம் ஆண்டு அக்டோபரில், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களிடம் மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினார்கள். அவர்களில் பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். ஆறு பேரின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அவர்கள் மூட்டிய வேலைநிறுத்தம்தான் பிறகு பெரும் போராட்டமாக வளர்ந்தது. காந்தி தம் தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றில் இந்தப் பதினொரு பேரின் பட்டியலைத் தருகிறார். அதில் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை என்று ஒன்பது பேர் கணவர் பெயரால் நிற்கிறார்கள். மணமாகாத இருவருக்கு மட்டுமே சொந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள் என்பதை நாம் வேறிடத்தில் தேடித்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதே போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையை நமக்குத் தெரியும். தில்லையாடியில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய தியாகம் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் மணமாகாத பெண்ணாக இருந்ததால் அவருடைய பெயர் அவருடையதாகவே பதிவானது என்பதையும், அதே குற்றத்துக்காக அதே கடுங்காவல் தண்டனையை அனுபவித்த மற்றப் பெண்கள் கணவர் பெயருக்குள் மறைந்துபோனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெண்கள் வரலாற்றில் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என் அனுபவத்தில் அது சரியல்ல. அவர்கள் ஆவணங்களில் இருக்கிறார்கள். வேறொருவர் பெயரின் கீழ் இருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வட இந்திய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் நம் ஊரிலும் கல்யாணப் பத்திரிகை முதல் மொய் நோட்டு வரை படிந்து கிடக்கிறது. ஆகவே உங்கள் ஊரில், பள்ளியில் அல்லது குடும்பத்தில் மறக்கப்பட்ட ஒரு பெண்ணைக் கொண்டாட விரும்பினால், மாலைக்கும் மேடைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை தேடல்தான். அதை எப்படிச் செய்வது என்பதை, நான் செய்து பார்த்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

‘எங்கள் ஊர்ச் சாதனைப் பெண்கள்’ என்று பத்துப் பேரை ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் நான்கு வரிதான் கிடைக்கும். அந்த நான்கு வரியும் புகழ்ச்சியாகவே இருக்கும். ஒருவரை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் ஒதுக்குங்கள். அவர் புகழ்பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஊருக்கே பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, மில் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர், முதல் தலைமுறை ஆசிரியை, கணவர் இறந்த பின் கடையை எடுத்து நடத்தியவர், பஞ்சாயத்தில் எழுந்து நின்று தண்ணீர்க் குழாய் கேட்டு வாங்கியவர் என்று எவராகவும் இருக்கலாம். அவர் செய்த வேலை என்ன என்பதை உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். தேடல் முழுவதற்கும் அந்த வாக்கியமே வழிகாட்டும்.

பெயர் மட்டும் புழங்கி, வாழ்க்கை மறந்துபோன பெண்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை அரசின் திருமண உதவித் திட்டத்தின் வழியாகவும், பின்னர் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்தின் வழியாகவும் லட்சக்கணக்கான குடும்பங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருக்கின்றன. 1883இல் பிறந்த அவர் தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். அதை ஒழிப்பதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1936இல் ஒரு நாவலையும் எழுதினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த பெரும்படையோடு நடந்தார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதைக் கண்ணால் கண்டார். விண்ணப்பத்தை நிரப்பும் மாணவியிடம் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளி ஒன்று அவரைப் பற்றி ஒரு சுவர் இதழ் தயாரித்தாலே அது பெரிய தொடக்கமாக இருக்கும்.

முதல் பக்கத்தில் பெயர்கள்

ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தை முழுவதும் பெயருக்கே ஒதுக்குங்கள். பிறந்தபோது வைத்த பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், புகுந்த வீட்டில் மாற்றிய பெயர், ஊர் வைத்த பட்டப்பெயர், பள்ளிப் பதிவில் உள்ள பெயர், ஆங்கில ஆவணங்களில் கண்ட எழுத்துக்கூட்டல்கள், தந்தையின் முதலெழுத்து, கணவரின் முதலெழுத்து ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆணுக்கு ஒரு பெயரைத் தேடினால் போதும். பெண்ணுக்கு ஐந்தாறு பெயர்களைத் தேட வேண்டியிருக்கும். தேடுபவர்கள் பாதியில் கைவிடுவதற்கு இதுவே முதல் காரணம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பித்தளைச் செம்பு. என் தாயின் பெரியம்மாவை ஊரில் எல்லோரும் ‘மோர்க்கார ஆத்தா’ என்றே அழைத்தார்கள். இளையவர்களுக்கு அவருடைய பெயரே தெரியாது. பரணிலிருந்து இறக்கிய அந்தச் செம்பின் கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாக வைத்த எழுத்தில், ‘மு.கா.’ என்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ‘கா’வின் கால் பாதி மழுங்கிவிட்டது. அவருடைய கணவரின் பெயர் ‘ச’வில் தொடங்குவதால் இது அவருடைய செம்பு அல்ல என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பிறந்த வீட்டுச் சீராக வந்த பாத்திரத்தில் தகப்பனாரின் முதலெழுத்தைத்தான் வெட்டுவார்கள் என்று எண்பது வயதுப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒற்றை ‘மு’ அவருடைய தகப்பனாரின் பெயரையும், அதன் வழியே பிறந்த ஊரையும் காட்டிக்கொடுத்தது. நம் வீடுகளில் பெண்ணின் பெயர் அதிகமாக எழுதப்பட்ட இடம் காகிதம் அல்ல, பாத்திரம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அண்டா, குடம், தூக்குவாளி, குத்துவிளக்கின் அடித்தட்டு ஆகியவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். சிலவற்றில் ஆண்டும் விசேஷமும்கூட இருக்கும். எழுத்து தெளிவாகத் தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். நிழல் விழுந்தவுடன் புள்ளிகள் எழும்பித் தெரியும்.

ஆவணம் எழுதுபவர் எந்த அளவுக்குப் பெண்ணை எதிர்பார்க்காமல் எழுதினார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். 1919இல் சென்னையில் பிறந்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்துத் தேறியபோது, பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ‘அவன்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று திருத்திக் கொடுத்தார்கள். பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் வேலைக்கு வடிவமைப்புச் செய்து தந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அடித்தலே அவருடைய வாழ்க்கை வரலாற்றின் முதல் பக்கமாக இருக்கத் தகுதி பெற்றது. உங்கள் கைக்கு வரும் ஆவணத்திலும் அடித்தல், இடைச்செருகல், விடுபட்ட கட்டம் ஆகியவற்றை ஒதுக்காமல் அப்படியே படமெடுத்து வையுங்கள்.

வீட்டில் உள்ள காகிதங்கள்

தகரப் பெட்டியில் இருக்கும் கிரையப் பத்திரம், உயில், அடமானப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவற்றில் மிகுந்த பயன் தருவது நிலப்பத்திரம். ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் இல்லாமல் இருக்கலாம். சொத்தை வாங்கவோ விற்கவோ பெண் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால், பத்திரம் எழுதுபவர் அவருடைய சொந்தப் பெயரை எழுதியே ஆக வேண்டும். சொத்து வாங்காத பெண்ணின் பெயரும் நான்கெல்லை விவரத்தில் ‘இன்னாள் புஞ்சைக்கு வடக்கு’ என்று அகப்படும். பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்யலாம்; 1975க்குப் பிந்தையவற்றைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்; அதற்கு முந்தைய காலத்துக்குக் கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டித் தேட வேண்டும் என்பதால் கட்டணமும் காத்திருப்பும் கூடும்.

எங்கள் குடும்பத்தில் ‘பெரியவர் வாங்கிய நிலம்’ என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த தோட்டத்தின் மூலப்பத்திரத்தை இப்படித்தான் கண்டேன். வாங்கியவர் மோர்க்கார ஆத்தா. பணம் ‘சுயார்ஜிதம்’, அதாவது தாமே சம்பாதித்தது, என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை கறுப்பாக, ஓரத்தில் சற்று இழுபட்டு, பதிந்திருந்தது. தலையில் மோர்ப்பானையோடு மூன்று ஊர் நடந்து சேர்த்த காசு அது. குடும்பத்தில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நிலம் என்றால் ஆண் வாங்கியதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூத்தவர்களிடம் கேட்பது

நீங்கள் தேடும் பெண் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அவரை அறிந்த மூத்த பெண்களிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். காப்பகம் காத்திருக்கும், எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா காத்திருக்க மாட்டார் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். போனவுடன் ‘உங்கள் சாதனையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ‘நான் என்னத்தக் கண்டேன், அடுப்பங்கரையிலயே என் காலம் போச்சு’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். வேலையிலிருந்து தொடங்குங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், கூலி யார் கையில் கொடுத்தார்கள், அந்தக் காசை எங்கே வைத்தீர்கள், பிள்ளை பெற்ற பிறகு எத்தனையாம் நாள் வேலைக்குப் போனீர்கள், யாரோடு சண்டை வந்தது, யார் துணைக்கு வந்தார்கள் என்று கேட்டால் வாழ்க்கை தானாக வெளியே வரும். காசைப் பற்றிய கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

பேசும்போது வீட்டு ஆண்கள் கூடத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மரியாதையாக வேறொரு நேரம் கேட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ அவர் தனியாக இருக்கும் வேளையில் போங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் முக்கால் மணி நேரம் போதும். இரண்டாம் முறை போகும்போதுதான், முதல் முறை சொல்லாமல் விட்டதை அவராகவே ‘அன்னைக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் கண்ணு’ என்று தொடங்குவார்.

ஆண்டு கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் காலத்தைக் கணக்கிட நம்மிடம் நல்ல அடையாளங்கள் உண்டு. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். இவற்றுக்கு முன்பா பின்பா, அப்போது எத்தனை பிள்ளைகள், மூத்தவன் பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டால் ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் காலம் கிடைத்துவிடும். தமிழ் வருடப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது. சித்திரபானு என்றால் 1942 சித்திரையில் தொடங்கும் ஆண்டு. தாது என்றால் 1876 அல்லது 1936. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை பெயர் திரும்பி வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எழுத்தறியாத, சொத்தில்லாத, ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களுக்கு மேலே சொன்ன காகிதம் எதுவுமே இராது. அங்கே பாட்டுதான் ஆவணம். ஒப்பாரியில் இறந்தவரின் பிறந்த ஊர், கொண்டுவந்த சீர், பட்ட கடன், யார் கைவிட்டார்கள், யார் கஞ்சி ஊற்றினார்கள் என்பதெல்லாம் வரும். தாலாட்டில் மாமன் வீட்டுப் பெருமை வரும். நடவுப் பாட்டில் கங்காணியின் பெயரும் கூலிக் கணக்கும் வரும். பாடச் சொல்லிப் பதிவு செய்யும்போது சொற்களைத் திருத்தாமல், ஊர் வழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். துக்கம் நடந்த வீட்டில் போய் இதைக் கேட்கக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கோயில் சுவர்

ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளையும் உபயப் பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பெண்கள் பெயரோடு கல்லில் இருக்கிறார்கள். கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி செங்கல் தளிகளை, அதாவது செங்கல் கோயில்களை, கற்றளிகளாக மாற்றிய செய்தி காவிரிக்கரைக் கோயில்களில் பரவிக் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்கிறான். தனக்கு அடுத்ததாகவே அக்கையின் கொடையைச் சொல்கிறான். இவற்றைக் காட்டிலும் என்னை நிறுத்திவைப்பது அதே கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணிக்காகத் தஞ்சைக்கு வரவழைத்துத் தளிச்சேரி என்ற குடியிருப்பில் அமர்த்திய 400 பெண்களை அது ஒவ்வொருவராகச் சொல்கிறது. எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று எழுதிச் செல்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை; ஆனால் யாருடைய மனைவி என்ற குறிப்பின் பின்னால் ஒளியாமல், வீட்டு இலக்கத்தோடு நிற்கிறார்கள்.

கல்வெட்டை நீங்களே படிக்க முடியாது என்று தயங்க வேண்டாம். தொல்லியல் துறையினர் படித்து வெளியிட்ட தொகுதிகள் பெரிய நூலகங்களிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரை வைத்துத் தேடி, பிறகு கோயிலுக்குப் போய்ச் சுவரில் அந்த இடத்தைப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவுவது கல்லுக்குக் கேடு. சென்ற நூற்றாண்டுப் பெண்ணைத் தேடுபவருக்கு மணி, விளக்கு, படிக்கல் ஆகியவற்றில் உள்ள உபயப் பெயர்களே போதுமானவை.

காப்பகங்களும் பழைய இதழ்களும்

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் போராட்டக் காலக் கோப்புகளும் இருக்கின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தபடியே ஆயிரக்கணக்கான நூல்களைப் படிக்கலாம். இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவரைத் தேடுபவர்கள் நூலகம் என்ற இணைய நூலகத்தில் தொடங்க வேண்டும். போவதற்கு முன் உங்கள் பெயர்ப் பக்கத்தையும், தேட வேண்டிய ஆண்டுகளையும், ஊர்ப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பெண்களைப் பற்றி ஏதாவது’ என்று கேட்டால் எந்த நூலகரும் உதவ முடியாது. ‘1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டுச் செய்தி’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இந்த எடுத்துக்காட்டை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். 1938 நவம்பர் 13 அன்று நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் எல்லோர் நாவிலும் இருக்கிறது; அதைச் சூட்டிய நீலாம்பிகை அம்மையாரும் மருத்துவர் தருமாம்பாளும் எத்தனை பேர் நினைவில் இருக்கிறார்கள்? அவர்களைத் தேட வேண்டிய இடம் குடி அரசு போன்ற அக்கால இதழ்களின் மாநாட்டுச் செய்திகள். தலைமை வகித்தவர், வரவேற்றவர், தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், நன்றி சொன்னவர் என்று அவை பெயர் பெயராகப் போடும். இன்று எவரும் படிக்காத அந்தச் சிறிய எழுத்துப் பகுதியில்தான் உங்கள் ஊர்ப் பெண் இருப்பார். பெண்கள் நடத்திய இதழ்களையும் பாருங்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஜகன்மோகினியை நடத்தினார். அத்தகைய இதழ்களில் கதைகளைக் காட்டிலும் வாசகர் கடிதங்களும் சந்தாதாரர் குறிப்புகளும் தேடுபவருக்கு அதிகம் தரக்கூடும்.

சரிபார்த்தல்

இந்தப் பகுதியைப் பலர் விரும்புவதில்லை. நம் பெண்ணைப் பற்றி நாமே கேள்வி கேட்பதா என்று மனம் தடுக்கும். ஆனால் சரிபார்க்காத புகழை எவர் வேண்டுமானாலும் ஒரு கேள்வியில் தட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு உண்மையும் சேர்ந்து விழும். நோட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது ஆவணமா, நேரில் கண்டவர் சொன்னதா, வழிவழியாகக் கேட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிவகங்கையை எடுத்துக்கொள்வோம். 1772இல் காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் அவருடைய மனைவி வேலு நாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டதற்கு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. உடலில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்ததாகச் சொல்லப்படும் குயிலியின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழி மரபாகவே நமக்கு வந்திருக்கிறது. அதனால் குயிலியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘மக்கள் இப்படிச் சொல்லிவருகிறார்கள்’ என்று எழுதுவது குயிலிக்குக் குறைவு அல்ல. ஒரு பெயரை மக்கள் விடாமல் காப்பாற்றியதே எழுதத் தக்க வரலாறு.

‘முதல் பெண்’ என்ற சொல்லிடம் தனிக் கவனம் வேண்டும். முதல் என்று எழுதினால் எந்த ஊரில், எந்தத் துறையில், யாருடைய கணக்கின்படி என்பதையும் எழுதுங்கள். உறுதியில்லை என்றால் அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள். அவர் மூன்றாவதாக வந்திருந்தாலும் அவர் செய்த வேலையின் அளவு குறையாது.

எழுதும்போது

முதல் வாக்கியம் அவருடைய பெயரிலும் அவர் செய்த வேலையிலும் தொடங்கட்டும். தந்தை, கணவர், மகன் ஆகியோர் வர வேண்டிய இடத்தில் வரட்டும். அவருக்கு முன்னால் வர வேண்டாம். ‘தியாகத்தின் திருவுருவம்’, ‘பொறுமையின் சிகரம்’, ‘வீரமங்கை’ போன்ற தொடர்களை எழுதி முடித்த பின் தேடிப் பிடித்து அடித்துவிடுங்கள். அவற்றை எந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழேயும் ஒட்டலாம் என்பதே அவற்றின் குறை. அதற்குப் பதிலாக அளவைச் சொல்லுங்கள்: எத்தனை மைல் நடந்தார், எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை மாதம் சிறையில் இருந்தார். கடலூர் அஞ்சலை அம்மாளைப் பற்றி எழுதுபவர், 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற, 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய பிரிட்டிஷ் படை அதிகாரி கர்னல் நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் அவர் தம் சிறு வயது மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றார் என்று எழுதிவிட்டால், அதன் பிறகு ‘வீரம்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

அவர் கோபக்காரராக இருந்தால், மருமகளிடம் கடுமையாக நடந்திருந்தால், அதையும் அளவோடு எழுதலாம். குறையே இல்லாத பெண்ணாக்கிவிட்டால் அவரைப் படிக்கும் பதினைந்து வயதுப் பெண் தன்னை அவர் இடத்தில் வைத்துப் பார்க்க மாட்டாள். ஆனால் உயிரோடு இருப்பவர்களை நோகடிக்கும் செய்தி, இரண்டாம் திருமணம், பிள்ளைப்பேற்று இரகசியம், நோய் ஆகியவற்றைக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் அச்சிடக் கூடாது. எழுதி முடித்ததும் அவரை நன்கு அறிந்த ஒரு பெண்ணிடம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் படித்துக் காட்டியபோது என் சித்தி, மோர்க்கார ஆத்தா ஒருபோதும் ‘விற்கப் போகிறேன்’ என்று சொல்லவில்லை, ‘ஊத்தப் போறேன்’ என்றுதான் சொல்வார் என்று திருத்தினார். அந்த ஒரு சொல்லால் பக்கம் முழுவதும் மாறியது.

ஊரறியச் செய்தல்

மார்ச் 8 அன்று ஒரு கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிட்டால் மறுநாளே அது பழையதாகிவிடும். பதினாறு பக்கச் சிறு நூலாக அச்சிட்டு ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். ஒரு படியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்புங்கள். நாட்டில் வெளியாகும் நூல்களைச் சேர்த்து வைக்கும் நான்கு களஞ்சிய நூலகங்களில் அதுவும் ஒன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத விரும்பினால், அங்கே அச்சில் வெளியான சான்று கேட்பார்கள், குடும்ப நினைவு மட்டும் போதாது என்பதை நினைவில் வைத்து, இதழ் ஒன்றில் முதலில் வெளியிடுங்கள். தெருவுக்கோ நூலகத்துக்கோ அவர் பெயர் வைக்கக் கோரும் மனுவைக் கிராம சபையில் கொடுக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூடுகிறது. மனுவோடு ஆவண நகல்களை இணைத்து, தீர்மானப் புத்தகத்தில் அவருடைய முழுப்பெயர் சரியான எழுத்துக்கூட்டலில் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

பள்ளியில் செய்வதாக இருந்தால் மாணவர்கள் ஒவ்வொருவரையும் தம் தாயின் தாய்க்குத் தாய் பெயரை எழுதிவரச் சொல்லுங்கள். முதல் நாள் பலருடைய தாள் வெறுமையாகவே வரும். ஒரு வாரம் கொடுங்கள். வீட்டில் கேட்டு, அத்தைக்குத் தொலைபேசி செய்து, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து எழுதிவருவார்கள்.

கடைசியாக, உங்களிடம் அவருடைய புகைப்படம் ஏதாவது இருந்தால், அதைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தில், பேனாவால் அல்லாமல் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், அவருடைய பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, படம் எடுத்த ஆண்டு, அருகில் நிற்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார் என்பதை எழுதி மறுபடியும் சட்டத்துக்குள் வையுங்கள். மோர்க்கார ஆத்தாவுக்குப் படமே கிடையாது. அந்தப் பெருவிரல் ரேகையைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அவருடைய முழுப்பெயரைக் கீழே எழுதி, தோட்டத்து வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.